“வீடு கொடுபட்டுவிட்டது”: சுவிஸ் சட்டம் எங்களை எங்கே காத்தது, எங்கே கைவிட்டது

2023 ஒக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம். என் மகள் சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்து, குரல் எனக்கும் கேட்கும்படி விட்டிருந்தாள். பேர்ண் நகரின் ஓரத்தில் மூன்றரை அறை வீடு ஒன்று வாடகைக்கு என்று விளம்பரம் வந்திருந்தது. அவள் இங்கேயே பிறந்தவள். பேர்ண் வட்டார ஜெர்மனைத் தாய்மொழி போலக் கதைப்பவள். மறுமுனையில் இருந்த பெண்மணி அன்பாகவே எல்லாவற்றையும் சொன்னார். பல்கனி இருக்கிறது, நிலவறை இருக்கிறது, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து பார்க்கலாம். “பெயரைச் சொல்லுங்கள், பதிந்துகொள்கிறேன்.”

மகள் சொன்னாள். “எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். என் மாமனாரின் பெயர்தான் இங்கே எங்கள் குடும்பப் பெயர். ஜெர்மன் எழுத்தில் பதினாறு வரும். மகள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒன்பதாவது எழுத்தில் அந்தப் பெண்மணி நிறுத்தினார். விசைப்பலகைச் சத்தமும் நின்றது. “மன்னிக்க வேண்டும், இப்போதுதான் பார்க்கிறேன். வீடு கொடுபட்டுவிட்டது.”

மகள் தொலைபேசியை அணைத்துவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தாள். “ஏழாவது வீடு, அம்மா” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது அவமானங்களை விழுங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. என் பிள்ளை விழுங்க வேண்டியிராது என்று நம்பினேன்.

பதினொரு மணிக்குக் கீழ்மாடிக்குப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற சுவிஸ் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்காமல் அதே எண்ணுக்கு அழைத்தார். தன் பெயரைச் சொன்னார். வியாழக்கிழமை மாலை ஆறேகாலுக்கு வரச் சொன்னார்கள். அழைப்பு முடிந்ததும் அவரிடம் ஒரு கொப்பியை நீட்டினேன். திகதி, நேரம், எண், தான் சொன்னது, அவர்கள் சொன்னது எல்லாவற்றையும் அவர் கைப்பட எழுதிக் கையொப்பமும் போட்டுத் தந்தார்.

அந்தக் கொப்பி பழையது. 2015ஆம் ஆண்டிலிருந்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பவற்றையும், சட்டம் அவற்றை எப்படிப் பார்த்தது என்பதையும் எழுதினால் இங்கே இருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. முதியோர் இல்லச் சமையல்கூடத்தில் வேலை செய்த, பருத்தித்துறையில் பிறந்த ஒரு பெண். ஒவ்வொரு முறையும் அடிபட்ட பிறகுதான் சட்டத்தைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டேன்.

நான் வந்தது 1991இல். மூன்று ஆண்டுகள் கழித்து, 1994 செப்டம்பர் 25ஆம் திகதி, இந்த நாடு ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. இனவாதத்தைக் குற்றமாக்கும் புதிய பிரிவு ஒன்றைக் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்பதே கேள்வி. அகதி விண்ணப்பதாரர்களான எங்களுக்கு வாக்கு இல்லை. என் கணவர் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவப் போயிருந்தார். நான் தனியாகத் தொலைக்காட்சியின் முன் இருந்தேன். ஜெர்மன் பாதிதான் விளங்கியது, ஆனால் எண்கள் விளங்கின. ஏறக்குறைய நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் ஆம் என்றார்கள், நாற்பத்தைந்து பேர் இல்லை என்றார்கள். அன்றிரவு கணவர் வந்ததும், “இனி எங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது” என்று சொன்னேன். 1995 ஜனவரி முதலாம் திகதி அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. 261பிஸ் என்று அதற்குப் பெயர்.

அந்தப் பிரிவு எதைத் தண்டிக்கிறது? பொது இடத்தில், ஒருவருடைய இனத்தையோ மதத்தையோ காரணமாக வைத்து வெறுப்பைத் தூண்டுவது, மனித மாண்பைக் கெடுக்கும் விதத்தில் இழிவுபடுத்துவது, எல்லோருக்கும் பொதுவாக வழங்கும் ஒரு சேவையை மறுப்பது ஆகியவற்றை. மூன்று ஆண்டுகள் வரை சிறை கொடுக்கலாம். யாரும் முறைப்பாடு செய்யாவிட்டாலும், விஷயம் தெரியவந்தால் பொலிசார் விசாரிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது சத்தமாகச் சொல்லப்படும் இனவாதத்துக்கான சட்டம் என்பது விளங்க எனக்கு இருபது ஆண்டுகள் எடுத்தது.

2015 பெப்ரவரியில் ஒரு மாலை, வேலை முடிந்து ட்ராமில் வந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்த ஒருவன், நான் தொலைபேசியில் தமிழில் கதைத்ததைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினான். “அகதி அழுக்கே, இறங்கு” என்பது அதில் அச்சில் ஏற்றக்கூடிய பகுதி. பெட்டியில் முப்பது பேராவது இருந்தார்கள். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு முதிய பெண்மணி மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். இறங்கும்போது தன் பெயரையும் எண்ணையும் ரயில் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி என் கையில் வைத்தார். அந்தச் சீட்டுத்தான் என் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

பொலிஸ் நிலையத்தில் 261பிஸ் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையானவர். பொறுமையாக எனக்கு விளக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு, 2014இல், லொசானில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்திருந்தது. பாசல் நகரில் பொலிஸ்காரர் ஒருவர், தான் கைதுசெய்த அல்ஜீரியர் ஒருவரை வெளிநாட்டுப் பன்றி என்றும் அழுக்கு அகதி என்றும் பலர் முன்னிலையில் ஏசியிருந்தார். கீழ் நீதிமன்றங்கள் அவரை இனவாதக் குற்றவாளி என்றன. உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. ‘வெளிநாட்டவர்’, ‘அகதி’ என்பவை எந்த ஓர் இனத்தையும் குறிக்கும் சொற்கள் அல்ல, ஆகவே இது சாதாரண ஏச்சுத்தான் என்பது அதன் விளக்கம்.

அந்த விளக்கத்தை நான் இன்றுவரை ஏற்கவில்லை. என்னை ஏசியவன் என் அகதி அட்டையைப் பார்த்து ஏசவில்லை. என் தோலையும் என் மொழியையும் கண்டு ஏசினான். ஆனால் அதிகாரி இன்னொன்றும் சொன்னார்: “அவமதிப்பு என்ற பிரிவில் முறைப்பாடு கொடுங்கள். அதற்கு மூன்று மாதம்தான் அவகாசம்.” குற்றவியல் சட்டத்தின் 177ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவரே கேட்டால்தான் அது நகரும். அன்றே எழுதிக் கொடுத்தேன். ட்ராமின் இலக்கம், தரிப்பிடத்தின் பெயர், நேரம் மூன்றும் என்னிடம் இருந்ததால் கண்காணிப்புக் கமெராப் பதிவு அழியுமுன் எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிவுகளைச் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். “பிறகு பார்ப்போம்” என்று வீட்டுக்குப் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். முதிய பெண்மணி சாட்சி சொன்னார். ஐந்து மாதம் கழித்து அவனுக்குத் தண்டப்பணம் விதித்த கடிதம் வந்தது. தொகை சிறியது. ஆனால் அரச இலச்சினை போட்ட தாளில், என்னைப் பற்றி அவன் சொன்ன சொற்கள் தவறு என்று எழுதியிருந்தது. அதைப் பலமுறை வாசித்தேன்.

வேலையிடத்தில் நடந்தது இதைவிட ஆழமாகப் போனது. அந்த முதியோர் இல்லத்தில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். 2018இல் சமையல்கூடத்துக்குப் புதிய பொறுப்பாளர் வந்தார். முதல் மாதத்திலேயே வார இறுதிகள் எல்லாம் எனக்கும் எரித்திரியப் பெண் ஒருத்திக்கும் என்று ஆனது. இடைவேளையில் நானும் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் தமிழில் கதைத்தால் முகம் சுளிப்பார். ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது என் மதியச் சாப்பாட்டுப் பெட்டி இல்லை. வெளியே ஜன்னல் விளிம்பில், பனியில் இருந்தது. மூடியின் மேல் மஞ்சள் ஒட்டுத்தாள். அதில் ஒரே ஒரு ஜெர்மன் சொல்: ‘நாறுகிறது’. உள்ளே இருந்தது சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும்.

அந்த மஞ்சள் தாளைக் கிழித்துப் போடத்தான் கை போனது. போடவில்லை. கொப்பியில் ஒட்டித் திகதி எழுதினேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பாளர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஓய்வுபெற்றுப் போகவிருந்த பழைய பொறுப்பாளரிடம் என் வேலைத்திறமை பற்றிய இடைக்காலச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தேன். சொய்க்னிஸ் என்று இங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். வேலையில் இருக்கும்போதே எப்போது வேண்டுமானாலும் அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றில் காதில் விழுந்த செய்தி அது. உங்களை மதிக்கும் ஒருவர் மேலே இருக்கும்போதே அவர் கையால் எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் வந்தவர் என்னைத் திறமையற்றவள் என்று காட்ட முயன்றபோது, அந்த ஒற்றைத் தாள் எனக்காகப் பேசியது.

நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். தொழிலாளியின் ஆளுமையை மதித்துக் காப்பது முதலாளியின் கடமை என்று, வேலை ஒப்பந்தங்களையும் ஆளும் கடப்பாட்டுச் சட்டத்தின் 328ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, எட்டுச் சம்பவங்களைத் திகதியோடு எழுதினேன். ஆறு வாரம் கழித்து எனக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. பத்தாவது ஆண்டைத் தாண்டியவள் என்பதால் மூன்று மாத அறிவித்தல். காரணம் ஏதும் எழுதவில்லை.

நான் அழுதுகொண்டுதான் தொழிற்சங்கத்தின் சட்டத்தரணியிடம் போனேன். அவர் கொப்பியை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இது இனவாதம் என்று நீங்களும் நானும் அறிவோம். ஆனால் அந்த வழியில் போனால் அதை நிரூபிக்க வேண்டிய சுமை முழுவதும் உங்கள் தலையில். பெண் என்பதற்காக உங்களை நீக்கியிருந்தால், 1996இலிருந்து இருக்கும் ஆண் பெண் சமத்துவச் சட்டத்தின்படி நீங்கள் சந்தேகத்துக்கு நியாயமான அறிகுறியைக் காட்டினால் போதும், மறுமொழி சொல்ல வேண்டியது அவர்கள். இனத்துக்கு அப்படி ஒரு சட்டம் இந்த நாட்டில் இல்லை.”

அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, பிறப்பிடத்தையோ இனத்தையோ காட்டி யாருக்கும் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறதே என்று கேட்டேன். அது முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துகிறது, தனியார் முதலாளியையோ வீட்டுச் சொந்தக்காரரையோ நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றார். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கையின் நினைவு வந்தது. அங்கே 2006இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. இனம் காரணமாக வேலையில் பாகுபாடு காட்டினால் அறிகுறி காட்டினாலே போதும். ஆனால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் போட்ட விதியின் விளைவு அது. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஆகவே அந்த விதி எங்களுக்கு இல்லை. ரைன் ஆற்றின் அக்கரையில் ஒரு நியாயம், இக்கரையில் வேறு நியாயம்.

சட்டத்தரணி பக்கவாசல் ஒன்றைக் காட்டினார். நல்லெண்ணத்தோடு தன் உரிமையைக் கேட்டதற்காக ஒருவரை நீக்குவது முறைகேடான வேலைநீக்கம் என்று கடப்பாட்டுச் சட்டத்தின் 336ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது, பழிவாங்கும் நீக்கம். என் கடிதத்துக்கும் அவர்கள் கடிதத்துக்கும் நடுவே ஆறே வாரம். முதலில் காரணத்தை எழுத்தில் கேட்டோம். கேட்டால் அவர்கள் கொடுத்தாக வேண்டும். ‘மறுசீரமைப்பு’ என்று வந்தது. மறு மாதமே என் இடத்துக்கு ஆள் தேவை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அதையும் வெட்டி ஒட்டினேன். அறிவித்தல் காலம் முடிவதற்குள் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும், வேலை முடிந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் சமரச சபைக்குப் போக வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் உரிமை போய்விடும். எனக்குத் தெரிந்த மூன்று பேர் முதலாவதைத் தவறவிட்டார்கள். அவர்களுடைய நியாயம் என்னுடையதைவிடப் பெரியது.

முப்பதாயிரம் பிராங் வரையான தொழில் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. சட்டப்படி ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கேட்கலாம். சமரச மேசையில் மூன்று மாதச் சம்பளத்துக்கும் நல்ல சான்றிதழுக்கும் உடன்பட்டேன். கையொப்பம் போட்ட தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தோலைப் பற்றியோ, மஞ்சள் தாளைப் பற்றியோ, ஜன்னல் விளிம்பில் உறைந்துபோன சோற்றைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. பணம் கிடைத்தது. நடந்தது என்னவென்று அந்தத் தாளில் பதியப்படவில்லை. அந்தக் குறை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

இவ்வளவு பட்டபிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. காரணம் சொல்லியே ஆகவேண்டிய இடங்களில்தான் இந்த நாட்டின் சட்டம் எங்களைக் காக்கிறது. யாரும் காரணம் சொல்லத் தேவையில்லாத இடத்தில் அதற்குக் கண் தெரிவதில்லை.

குடியுரிமையில் இதை நன்றாகப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் லுசேர்ன் மாநிலத்தின் எம்மென் ஊரில், குடியுரிமை கேட்டவர்களின் விவரங்களை வீடு வீடாக அனுப்பி, இரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். இத்தாலிய வம்சாவளியினரை ஏற்றார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை நிராகரித்தார்கள். 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் அறியும் உரிமை உண்டு, வாக்குப்பெட்டி காரணம் சொல்லாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் நாங்கள் விண்ணப்பித்தோம். எங்கள் பெயரைப் பார்த்துத் தயங்கியவர்கள் சபையில் இருந்திருப்பார்கள். ஆனால் மறுத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

என் மகன் விஷயமும் அப்படித்தான். ரயில் நிலையத்தில் அவனை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள், அவனுடைய சுவிஸ் நண்பர்களைக் கேட்க மாட்டார்கள். 2015இல் சூரிச் நிலையத்தில் காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மொஹமட் வா பாயில் என்ற கறுப்பினச் சுவிஸ் குடிமகன், காரணமில்லாமல் அட்டை காட்ட மாட்டேன் என்றார். 100 பிராங் தண்டம் விதித்தார்கள். அவர் விடவில்லை. 2024 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர் பாகுபாட்டுக்கு உள்ளானார் என்றும் சுவிஸ் நீதிமன்றங்கள் அதைச் சரிவர விசாரிக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தது. ஒன்பது ஆண்டுகள்! அந்த மனிதருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். இப்போது மகனை நிறுத்தினால், அட்டையை நீட்டிக்கொண்டே, “என்னை நிறுத்திய காரணத்தைத் தயவுசெய்து சொல்ல முடியுமா?” என்று கேட்கிறான். அமைதியாகக் கேட்க வேண்டும், கையை ஓங்கிக் கேட்கக்கூடாது என்று அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பவும் அந்த வீட்டுக்கு வருகிறேன். எங்கள் மாநிலத்தில் இனவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச ஆலோசனை நிலையம் இருக்கிறது. நாடு முழுவதும் இத்தகைய நிலையங்கள் ஒரு வலையமைப்பாக இயங்குகின்றன. 2023இல் மட்டும் 876 சம்பவங்களைப் பதிந்தன. மகளும் நானும் கொப்பியோடு போனோம். ஆலோசகர் ஆசிரியையின் குறிப்பை வாசித்துவிட்டு, “பெயர்தான் காரணம் என்று அவர்கள் எங்காவது சொன்னார்களா?” என்று கேட்டார். இல்லை. விளம்பரம் செய்த வீட்டை இனம் காட்டி மறுப்பது 261பிஸ்ஸுக்குள் வரலாம், ஆனால் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வாடகைக்குக் கொடுக்காததற்குக் காரணம் சொல்லும் கடமையும் இல்லை என்றார். இதே வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கும் ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், அவர் 30 நாட்களுக்குள் சமரச சபையில் எதிர்க்கலாம். உள்ளே இருப்பவருக்குக் கவசம் இருக்கிறது, வாசலில் நிற்பவருக்கு இல்லை.

ஆலோசகர் அந்த முகவர் நிறுவனத்துக்கு எழுதினார். ஊழியரின் தவறான புரிதல் என்று மூன்று வரியில் பதில் வந்தது. வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் இப்போது இது ஒரு கோப்பில் இருக்கிறது. இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு இந்த நாட்டிடம் பலமுறை கேட்டிருக்கும் பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டம் என்றாவது ஒருநாள் பாராளுமன்றத்துக்கு வந்தால், இத்தகைய கோப்புகள்தான் அதைச் சுமந்துகொண்டு வரும். ஆகவே வெற்றி கிடைக்காது என்று தெரிந்தாலும் போய்ப் பதியுங்கள்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு ஒரு பிறந்தநாள் விழாவில், சொந்தமாக வீடு வாங்கிய தமிழர் ஒருவர், “கறுப்பர்களுக்குக் கொடுக்க மாட்டேன்” என்று பந்தியில் இருந்தே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என்னோடு வார இறுதிகளில் பாத்திரம் தேய்த்த எரித்திரியப் பெண்ணின் முகம் என் கண்முன் வந்தது. அந்த மேசையிலிருந்து எழுந்து போனேன். என் பிள்ளையை ஒன்பதாவது எழுத்தில் நிறுத்தியவருக்கும் அவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மகளுக்கு வீடு கிடைத்தது பதினான்காவது விண்ணப்பத்தில். வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் தொடர்மாடி. மற்ற முகவர்களின் படிவங்கள் எல்லாவற்றிலும் பெயருக்கு அடுத்த கட்டத்திலேயே எந்த நாட்டவர், வதிவிட அனுமதி எந்த வகை என்று கேட்டிருக்கும். இந்தப் படிவத்தில் குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, கடன் பதிவேட்டுச் சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். மகள் அதை நிரப்பி முடித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கேயும் அந்தக் கேள்வி இல்லை.